நானாக மாற மறந்த ஓர் அவள்

கதை எழுதுகிறவர்களுக்கு உறவினர்கள் இருக்கக் கூடாது. இருந்தாலும் அவர்கள் வாசிக்கக் கூடாது. (வாசித்தாலும் அவர்கள் கையில் வாட்ஸ்அப் இருக்கவே கூடாது.) இந்த ஞானம் எனக்கு வருவதற்கு முன்பே என் அம்மா பன்விலயிலிருந்து ஒரு வெறும் சூட்கேஸோடு வந்து, கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுவிட்டார். சூட்கேஸ் எதற்கு என்கிறீர்களா? என் உடுப்புகளை அள்ளிக்கொண்டு போவதற்கு.

நான் கண்டி டவுனில் மருந்து விற்கும் ஒரு பாமசியில் பில் போடுகிறவள். கணவர் சிவா, குழாய்ச் சாமான் கடையில் வேலை. நல்ல மனிதர். ஆனால் பேச்சில் மகா சிக்கனம். சாப்பாடு எப்படி என்றால் "ம்". மழை வருமா என்றால் "ம்". காதலிக்கிறீர்களா என்று கல்யாணமான புதிதில் கேட்டதற்கும் அதே "ம்"தான். இந்த "ம்"மை வைத்து உலக இலக்கியம் படைத்துவிடலாம் என்று எனக்கு ஒரு நாள் தோன்றியது. பில் போடும் இடத்தில் கூட்டமில்லாத நேரங்களில் ஒரு சிறுகதை எழுதினேன். பேசாத கணவன், வெறுத்துப்போன மனைவி. ஒரு காலையில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறாள். மழையில் நிற்கிறாள். யாரும் தேடி வரவில்லை. அவ்வளவுதான் கதை.

முதல் வாசகி, மடவளையிலிருந்து வந்து என்கூட வேலை செய்யும் பர்ஹானா. வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்ன புள்ள இது? பொலிஸ்ல என்ட்ரி போட்ட மாதிரி ஈக்கு. அவள் எழுந்தாள், அவள் போனாள்... எனக்கு அழுகையே வருதில்ல."

"அழுகை வர என்ன செய்யணும்?"

"அவள எடுத்துட்டு நான்னு போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். 'அவள் பையை எடுத்தாள்' என்றபோது யாரோ ஒருத்தி மரக்கறி வாங்கப் புறப்பட்ட மாதிரி இருந்தது. 'நான் பையை எடுத்தேன்' என்று மாற்றியதும் நானே பில் தாளில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, வினைச்சொற்களின் வாலை மட்டும்தான் வெட்டி ஒட்டினேன். கதை முழுவதும் மழைக்கால மலைப்பாதை மாதிரி இருண்டுபோய்விட்டது. கூடவே மரியாதைக்காக 'அவன்' எல்லாவற்றையும் 'அவர்' ஆக்கினேன். பெரிய எழுத்தாளர் ஆகிவிட்ட நினைப்பில், திருப்பி வாசித்துப் பார்க்காமலே ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். (அந்தத் திமிருக்குத்தான் பின்னால் வட்டியோடு கிடைத்தது.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பெயரும் படமும் போட்டுக் கதை வந்தது. அண்ணன் அதை போனில் பார்த்து, வீட்டில் எல்லோருக்கும் உரக்க வாசித்திருக்கிறார். அண்ணி அழுதாராம். அம்மா பாதியிலேயே எழுந்து சூட்கேஸைத் தேடினாராம். அண்ணனின் த்ரீவீலில் அம்மாவும் சித்தியும் ஏறிவிட்டார்கள்.

அவர்கள் வந்து இறங்கியபோது, கதையில் வந்த கல்நெஞ்சக்காரர் குசினியில் உட்கார்ந்து ரொட்டிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஞாயிறு காலைச் சமையல் எப்போதும் அவருடையது. (இதைக் கதையில் ஓரமாக எழுதியிருந்தேன். யாருக்கும் அது கண்ணில் படவில்லை.)

"எம் புள்ளைய இந்த நெலமைக்கு ஆளாக்கிட்டீங்களே மாப்பிள்ளை!" என்று அம்மா மூக்கை உறிஞ்சினார்.

"மச்சான், ஒங்கள எவ்வளவு நல்ல மனுஷன்னு நெனச்சேன்!" என்றார் அண்ணன்.

சிவா தேங்காய்ப் பாதியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். "ம்?"

"பாத்தியா! அதே ம்!" என்று அம்மா அலறினார்.

நான் ஓடிவந்து நடுவில் நின்றேன். "அம்மா, கதையில வர்ற நான், நான் இல்லம்மா."

"பின்ன யாரு?"

"அது சும்மா ஒரு நான்."

"சும்மா ஒரு நானா? ஒன் பேரு இருக்கு, ஒன் போட்டோ இருக்கு. நீலக் கட்டம் போட்ட சாரம்னு கூட எழுதியிருக்க!"

எல்லோரும் சிவா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்தார்கள். நீலக் கட்டம்தான். அவரும் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"அதெல்லாம் கூட மன்னிச்சிரலாம்," அம்மாவின் குரல் இறங்கியது. "அவ யாரு?"

"எவ?"

அண்ணன் போனை நீட்டினார். கதையின் நடுவில் ஒரு வரி: 'அவள் தலைவலி என்றாள். அவர் உடனே எழுந்து தைலம் எடுத்துக் கொடுத்தார்.' நான் மாற்ற மறந்த ஒரே ஒரு அவள், எங்கள் வீட்டுக்குள் நுழைந்து சட்டமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஒனக்கு ம். அவளுக்குத் தைலமா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். இதற்கிடையில் சித்தியைக் காணவில்லை. தேடினால், அறைக்குள் அலுமாரியைத் திறந்து, தொங்கிய சேலைகளை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குளியலறையையும் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

எழுத்துப்பிழை என்றேன். யாரும் நம்பவில்லை. பழைய பிரதியைத் தேடி எடுத்துவந்து, "இதக் கேளுங்க" என்று 'அவள்' கதையை வாசிக்க ஆரம்பித்தேன். அவள் கேட்டாள், அவன் 'ம்' என்றான். அவன் ரொட்டி சுட்டு வைத்தான், அவள் சாப்பிடாமல் பையை எடுத்தாள்.

அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். மழை வருவதற்கு முன்பே பொறுமை போய்விட்டது.

"யார்றி இவ, திமிரு புடிச்சவ! புருஷன் ரொட்டி சுட்டுக் குடுக்கிறான், தலவலின்னா தைலம் எடுத்துக் குடுக்கிறான். ம்னு சொன்னதுக்கா பஸ் ஏறப் போனா? நல்லா நனையட்டும்!"

"அம்மா, ரெண்டும் ஒரே கதைதான்," என்றார் அண்ணன் மெதுவாக.

அம்மா என்னைப் பார்த்தார், ரொட்டி மாவைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். "அப்ப அந்தத் திமிரு புடிச்சவ நீதானா?" நான் இல்லை என்று நிரூபிக்கப் போய், நானேதான் என்று நிரூபித்துவிட்டேன்.

"நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்!" என்று சிவாவிடம் கெஞ்சினேன்.

அவர் கையைக் கழுவினார். துடைத்தார். பிறகு, எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"நான் காலையில எந்திரிச்சு தேங்கா துருவிக்கிட்டு இருந்தேன். நான் பேப்பர்ல வந்திருக்கேன்னு எனக்கு யாரும் சொல்லல."

அவ்வளவுதான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் எழுந்துபோய் மச்சானின் தோளைத் தட்டினார். நான் பக்கம் பக்கமாக எழுதி வாங்கிய கண்ணீரை, மனிதர் இரண்டே வாக்கியத்தில் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எல்லோரும் ரொட்டி சாப்பிட உட்கார்ந்தபோது, சிவா எனக்குப் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டார்: "கதையில அந்தப் பொண்ண யாரும் கூப்பிடப் போகலையா?"

"இல்ல."

"நான்னா கொடையோட போயிருப்பேன்," என்றார். அன்று ரொட்டியில் உப்பு கூடியதற்கு என் கண்தான் காரணம்.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் யாருடைய புகாரும் லேசில் எடுபடுவதில்லை. அண்ணி போனில், "மாமி, நான் படுற பாடு இருக்கே..." என்று தொடங்கினால் போதும், "மொதல்ல நான எடுத்துட்டு 'அவ'ன்னு வச்சுச் சொல்லு, அப்புறம் அழுறேன்" என்கிறார் அம்மா. பாதிப் புகார்கள் அந்த இடத்திலேயே செத்துவிடுகின்றன. கல்யாண வீடுகளில் சிவாவைக் காட்டி, "இவருதான் அந்த அவர்" என்று அறிமுகம் செய்கிறார்கள். அவரும் வணக்கம் சொல்லி "ம்" என்கிறார்.

சித்தி மட்டும் எழுத்துப்பிழையை இன்றுவரை நம்பவில்லை. எங்கே கண்டாலும் என்னை ஓரமாக இழுத்து, "அவ இப்ப எங்க இருக்கா?" என்பார். விளக்கி விளக்கி அலுத்துப்போய், கலஹாவில் ஒரு கல்யாண வீட்டில், "அவளுக்குக் கல்யாணம் முடிஞ்சி கொழும்புக்குப் போயிட்டா சித்தி" என்று சொல்லிவிட்டேன்.

சித்தி பெரிய மூச்சு ஒன்றை விட்டார். நேராகப் பந்திக்குப் போய், சிவாவின் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றிவிட்டு, "இனியாச்சும் ஒழுங்கா இருங்க மாப்பிள்ளை" என்றார்.