வெப்ப ரத்த மலைப்பாம்பு

காட்டு விலங்குகள் இருட்டில் மனிதர் கண்ணில் படாமல் திரிகிற கெட்ட வழக்கத்துக்கு முடிவு கட்டிய பெருமை, காடே இல்லாத குமாரபாளையத்துக்குத்தான் சேரும். சத்தியமங்கலத்துக்காரர்கள் யாரும் பங்கு கேட்டு வர வேண்டாம்.

அந்தப் பெருமையைத் தனி ஆளாகச் சுமப்பவர் ‘நர்மதா டையிங்’ முதலாளி தனசேகர். நர்மதா அவருடைய மகள். ஒரு நதியின் பெயரில் சாயப்பட்டறை நடத்தி, அதன் கழிவை இன்னொரு நதியான காவிரியில் விட்டு, நதிநீர் இணைப்பை அரசாங்கத்துக்கு முன்பே சாதித்துக் காட்டியவர்.

ஆனால் நல்லவர்களை யார் நிம்மதியாக இருக்க விட்டார்கள்? ராத்திரியானால் பட்டறையிலிருந்து கொதிக்கக் கொதிக்கச் சாயத்தண்ணீர் ஆற்றுக்குப் போகிறது என்று யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். நிரூபணமானால் கரண்டைப் பிடுங்கிவிட்டு சீல் வைத்துவிடுவார்கள். லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய வருடம் வேறு. தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்று பட்டறையில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை ஓட்டலாம்தான். தனசேகர் அதற்குப் பதிலாக இயற்கையை நேசிக்க ஆரம்பித்தார்.

‘காவிரிக்கரை இராக்கால வன உயிர் நேசர் பேரவை’ உதயமானது. உறுப்பினர் அனைவருக்கும் பச்சை டீ-ஷர்ட். அந்தப் பச்சையை ஏற்றியது எங்கே, மிச்சப் பச்சை போனது எங்கே என்பதெல்லாம் இயற்கை நேசர்கள் கேட்கிற கேள்வி அல்ல. பேரவையின் உயிர்நாடி, தலைவர் தனசேகர் வரவழைத்த தெர்மல் மானோகுலர். உள்ளங்கையில் அடங்கும் கருவி. ஒரு கண்ணில் வைத்துப் பார்த்தால், கும்மிருட்டிலும் சூடு உள்ளதையெல்லாம் வெள்ளையாகக் காட்டிவிடும். ஊர் அதற்கு ‘ஒத்தக்கண்ணு’ என்று பெயர் வைத்தது.

ஒத்தக்கண்ணின் ஆரம்பகாலக் கண்டுபிடிப்புகள் சாமானியமானவை அல்ல. தெருநாய்கள் சில, ‘நரி இனம், உறுதி செய்யப்பட வேண்டியது’ என்று அறிக்கையில் ஏறின. கட்டு அவிழ்ந்த வெள்ளாடு ‘மான் வகை’ ஆயிற்று. புதருக்குப் பின்னால் ஓர் இணை தென்பட்டது. விசாரித்ததில் பள்ளிபாளையத்துக் காதலர்கள் என்று தெரிந்தது. ‘வலசை வந்தவை’ என்று பதிவானது.

பேரவை ஆற்றங்கரைக்கு வருகிற சனிக்கிழமை இரவுகளில் மட்டும் கழிவுக் குழாயின் வால்வைத் திறக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் மணியனுக்குத் தனசேகர் கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தார். அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமையில்தான் பேரவைச் செயலாளர் சகாயராஜ் அலறினார். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். கத்திப் பேசியே பழகியவர்.

“தலைவரே! பாம்பு! ஆத்துக்குள்ள எறங்குதுங்க!”

“எவ்வளவு நீளம்?” என்றார் லிடியா. கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. பேரவையின் அறிவியல் ஆலோசகர்.

“ட்ரெய்லர் லாரி நீளம் இருக்குமுங்க மேடம்.”

லிடியா ஒத்தக்கண்ணை வாங்கிப் பார்த்தார். “பாம்பு குளிர் ரத்தப் பிராணி. இதுல இப்படிப் பளிச்சுன்னு தெரியவே தெரியாது.”

“தெரியுதேங்க?”

“அதான் சொல்றேன். அப்ப இது வெப்ப ரத்த மலைப்பாம்பு. உலகத்துலயே இல்லாத இனம்!”

தனசேகர் கருவியைப் பிடுங்கிப் பார்த்தார். கரையிலிருந்து ஊர்ந்து இறங்கி, தண்ணீரில் தலையைப் படமாக விரித்துக் கிடந்தது அது. அவருக்கு அந்தப் பாம்பை நன்றாகத் தெரியும். அதன் வால் எந்தக் காம்பவுண்டுச் சுவரில் முடிகிறது என்பதும் தெரியும். கன்னங்கரேல் என்று போக வேண்டிய தண்ணீர், கருவியில் பால் மாதிரி தெரிந்தது. சாயம் வெளுப்பது என்றால் என்ன என்று இத்தனை வருடத் தொழிலில் அன்றுதான் அவர் கண்ணால் பார்த்தார்.

புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிப் போன் போட்டார். “மணியா, என்னடா பண்ணித் தொலைச்ச?”

“கருப்பு நூல் அர்ஜென்ட் லாட்டுங்க மொதலாளி. காலைல வண்டி வந்துருமுங்க…”

“வால்வ மூட்றா மொதல்ல!”

சற்று நேரத்தில் சகாயராஜ் மறுபடி அலறினார். “வாலு மறையுதுங்க! வளைக்குள்ள போகுது! தலைவர் போன்ல பேசுனாரு, போயிருச்சு! வாயில்லாச் சீவனுக்குக்கூட உங்க பேச்சுப் புரியுதுங்க தலைவரே!”

“எல்லாம் பழக்கந்தானுங்க,” என்றார் தனசேகர் அடக்கமாக.

அந்த அடக்கம் நீடிக்கவில்லை. வளையைப் பார்த்தே தீருவதென்று சகாயராஜ் டார்ச்சோடு கரையில் இறங்க ஆரம்பித்தார். இன்னும் கொஞ்சம் போனால் வளை அல்ல, குழாய்தான் தென்படும். லைசென்ஸ், பட்டறை, கரண்டு எல்லாம் அந்த டார்ச்சு வெளிச்சத்தில் ஊசலாடின. தனசேகர் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

“போகாதீங்க! அது… அது முழுகாம இருக்குதுங்க!”

“ஆத்துல முழுகுனதப் பார்த்தமேங்க?”

“அய்யோ, மாசமா இருக்குதுங்க!”

லிடியா முகத்தைச் சுருக்கினார். “மலைப்பாம்பு முட்டைதான் போடும்.”

“வெப்ப ரத்தமாச்சுங்களே மேடம். குட்டிதான் போடும்.”

லிடியா யோசித்தார். பிறகு குறித்துக்கொண்டார். அறிவியல் இப்படித்தான் வளர்கிறது.

அவசரக் கூட்டம் கூடி, பட்டறைக்குப் பின்புறக் கரை முழுவதையும் ‘மலைப்பாம்புப் பேறுகாலப் பகுதி’யாக அறிவித்தது. பொழுது சாய்ந்தால் மனித நடமாட்டம் கூடாது. கம்பிவேலி போடப்பட்டது. புதிய இனத்துக்கு ‘பைத்தான் தனசேகரி’ என்று பெயர் சூட்டப்பட்டது. காவிரியில் கலப்பது இன்னாருடையது என்று இவ்வளவு பகிரங்கமாகப் பெயர் எழுதி வைத்த நேர்மை வேறு எந்தத் தொழிலதிபருக்கு வரும்? புகாரை விசாரிக்க வந்த அதிகாரி இரவில்தான் பார்க்க வேண்டும். இரவில் பார்த்தால் பாம்பின் கர்ப்பம் கலையும். ஈரநெஞ்சக்காரரான அவர் திரும்பிப் போய்விட்டார். லைசென்ஸ் வந்தது. வால்வு இப்போது சனிக்கிழமையும் திறந்தது.

வேலியில் அறிவிப்புப் பலகை திறந்து வைத்த மாலையில் ஒரே ஒரு சிறு இடையூறு. பரிசலில் மீன் பிடிக்கும் செல்லியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஏனுங்க மொதலாளி, எம்பட பரிசல் வேலிக்கு உள்ற கெடக்குதுங்க. ராத்திரி வலை போடலீன்னா நாங்க எதத் திங்கறதுங்க? போட்டாலும் செத்த மீனுதானுங்க வருது.”

“பாம்பு மூச்சுக்காத்து பட்டிருக்கும்,” என்றார் சகாயராஜ்.

தனசேகருக்கு அவள்மேல் கருணை சுரந்தது. கருவியை அவரே அவள் கையில் கொடுத்தார். “அம்மணி, நீயும் ஒருக்கா இதுல பாரு. உசுருன்னா என்னன்னு அப்பத்தான் உனக்குப் புரியும்.”

செல்லியம்மாள் ஒத்தக்கண்ணைக் கண்ணில் வைத்தாள். ஆற்றுப் பக்கம் திரும்பவில்லை. நேராகத் தனசேகரையே பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, அவசரப்படாமல் பார்த்தாள்.

“என்ன அம்மணி தெரியுது?”

“சூடு தெரியுதுங்க மொதலாளி. உடம்பு பூராவும் நல்லாத் தெரியுதுங்க. சொரணையத்தானுங்க எங்க தேடியும் காணோம்.”

கருவியில் கோளாறு என்று பேரவை ஒருமனதாகத் தீர்மானித்து, விற்ற கம்பெனிக்கே அதை அனுப்பி வைத்தது. பிரித்துப் பார்த்துச் சோதித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கருவி சரியாகத்தான் காட்டுகிறதாம்.