ஏப்ரலில் திரும்பும் கடல்

“மச்சான், கடலை ஒருக்கால் காட்டுங்கோவன்.”

போனுக்குள்ளிருந்து நடராசாவின் முகம் ஆசையோடு கேட்டது. நகுலேஸ்வரன் பின்பக்க யன்னலடியில் நின்றார். போனை மட்டும் தன் முகத்துக்கே நீட்டிப் பிடித்திருந்தார்.

வெளியே, கனடாவின் இல்-பிசாரில் ஜனவரி மாதம். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஆறு, ஓடுவதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. கரை எது, தண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாமே வெள்ளை.

“அதுக்கென்ன, காட்டினால் போச்சு,” என்றார். காட்டுவதற்குக் கடல் என்று ஒன்று இல்லை என்பது அவருக்கும், சோபாவில் இருந்து அவரை முறைத்துக்கொண்டிருந்த மனைவி பாலாம்பிகைக்கும் நன்றாகத் தெரியும்.

நடராசா பாலாம்பிகையின் தமையன். திருகோணமலையில் இருப்பவர். கனடாவுக்கு விசா சரிவந்த கையோடு அவர்தான் இந்த யோசனையைச் சொன்னார்.

“நாங்கள் அங்கை வாறம், நீங்கள் வேலையை விட்டுட்டு இஞ்சை வாங்கோ. வீட்டுக்கு வீடு மாத்துவம். குடும்பத்துக்குள்ளை என்ன, எழுத்து வேலையை நேரிலை வந்து பாப்பம்.”

அவருடைய வீடு உப்புவெளியில், கடலைப் பார்த்தபடி இருந்ததாம். பாலாம்பிகை கனடாவுக்கு வந்த பிறகு வாங்கியது என்பதால் இவர்கள் அதை நேரில் கண்டதில்லை.

நகுலேஸ்வரன் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கியே காலத்தைப் போக்கியவர். வெயில் நாடுகளுக்குப் பறக்கிறவர்களுக்குச் சோறும் கறியும் அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து பனி அள்ளுவார். முழங்கால் இரண்டும் கெஞ்சத் தொடங்கிவிட்டன. ஞாயிறு காலையில் நடராசா எடுக்கும்போது அங்கே இருட்டியிருக்கும். “கடல் தெரியாது மச்சான், சத்தத்தைக் கேளுங்கோ” என்று போனை யன்னலில் வைப்பார். அலை இரையும். நகுலேஸ்வரன் கண்ணை மூடிக்கொள்வார்.

சறத்தோடு சாய்மனைக் கதிரையில் கிடந்து, இந்தச் சத்தத்தைக் கேட்டபடியே மிச்சக் காலத்தைக் கழிக்கவேண்டும். இனி ஒரு கை பனியையும் தொடக்கூடாது. அவருக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே இருக்கவில்லை. ஆனால் நடராசா பொல்லாத கஞ்சன். அலை நன்றாக இரைந்து மனம் கரைகிற நேரம் பார்த்து, “சரி மச்சான், பேந்து எடுக்கிறன்” என்று படக்கென்று போனை வைத்துவிடுவார்.

வீடு மாற்ற அவர் போட்டது ஒரே நிபந்தனை.

“அங்கையும் கடற்கரை இருக்கவேணும். கடல் இல்லாட்டிக் கிளிக்குச் சரிவராது.” கிளி அவர் மனைவி.

“வீட்டுக்குப் பின்னாலையே பீச்தானே!” என்று நகுலேஸ்வரனின் வாய் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் மூளைக்குத் தகவல் கொடுத்தது. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. கோடையில் நாலு வாத்து படுத்து எழும்புகிற அளவுக்கு அந்த ஆற்றங்கரையில் மணல் உண்டு.

இப்போது வேறு வழியின்றிப் போனை யன்னல் பக்கம் திருப்பினார்.

“அம்மாடி! என்ன வெள்ளை மணல்!” என்றார் நடராசா.

“ஓம்,” என்றார் நகுலேஸ்வரன்.

“கனடா முழுக்க ஸ்னோ எண்டு சொல்லுவினம்?”

“அது ரொறன்ரோவிலை.”

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரன், காதுவரை மூடிய தொப்பியும் தடித்த கோட்டுமாக, உறைந்த ஆற்றின் நடுவே வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் குந்தி, பனிக்கட்டியில் போட்ட துளைக்குள் தூண்டில் விட்டான்.

“ஆர் மச்சான் அது? மணலிலை கிணறு தோண்டுறானோ?”

“நண்டு பிடிக்கிறான்.”

“நண்டு பிடிக்க ஏன் உவ்வளவு பெரிய கோட்டு?”

“நண்டு கடிக்குமெல்லோ.”

பாலாம்பிகை தலையில் கையை வைத்தாள்.

“அது சரி, கடல் எங்கை?”

நகுலேஸ்வரன் போனைத் தன் பக்கம் திருப்பினார். “இப்ப வத்து நேரம். உள்வாங்கிப் போட்டுது.”

“எப்ப திரும்பி வரும்?”

“ஏப்ரலிலை.”

“ஏப்ரலிலையோ!”

“பெரிய நாடெல்லோ மச்சான். வத்தும் பெரிசு.”

நடராசா கொஞ்சம் யோசித்தார். “சரி, சத்தத்தையாவது ஒருநாள் கேக்க வையுங்கோ. அலைச் சத்தம் இல்லாட்டி எனக்கு நித்திரை வராது.”

“வாற ஞாயிறு யன்னலைத் திறந்து வைக்கிறன்,” என்று சொல்லி நகுலேஸ்வரன் போனை வைத்தார்.

“வத்தின கடல் எப்பிடி இரையும்?” என்று கேட்டாள் பாலாம்பிகை.

“தூரத்திலை இரையும்.”

“என்ரை அண்ணையை ஏமாத்துறியள்.”

“நீர் வேணுமெண்டால் இஞ்சை இரும். நான் போறன்.”

பாலாம்பிகை யன்னலுக்கு வெளியே பார்த்தாள். அன்று காலை அவள் பனியில் வழுக்கி விழுந்த படிக்கட்டு அங்கேதான் இருந்தது. தன் போனை எடுத்துத் தேடினாள். நித்திரை வராதவர்களுக்கென்று யாரோ ஒரு புண்ணியவான் கடல் இரைச்சலைப் பதிந்து இன்ரநெற்றில் போட்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு அவள் போன் சோபாத் தலையணைக்குக் கீழே ஒளிந்திருந்து இரைந்தது. நல்ல கடல், ஒரு குறையும் சொல்ல முடியாது. நடராசா கண்ணை மூடிக் கேட்டார். கிளியும் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள். நகுலேஸ்வரனுக்குப் பெருமை பிடிபடவில்லை. கேளுங்கோ, ஆசை தீரக் கேளுங்கோ, நான் கஞ்சன் இல்லை என்று நீளவிட்டார்.

“வள்! வள்!” என்றது தலையணை.

நகுலேஸ்வரன் தலையணையை இறுக்கி அமுக்கினார். “பக்... பக்கத்து வீட்டு நாய்,” என்றார்.

அந்தப் பக்கம் நடராசாவும் கிளியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எல்லாம் பாழாய்ப் போச்சு என்று நகுலேஸ்வரன் நினைத்தார்.

“நல்ல நாய்,” என்றார் நடராசா மெதுவாக. “எனக்கு வீடு பிடிச்சிருக்கு மச்சான். மாத்துவம்.”

அதற்குப் பிறகு நகுலேஸ்வரனைப் பிடிக்க முடியவில்லை. வேலையை விட்டார். டோர்வலில் கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள். கோட்டுகளைத் தானம் செய்தார். பனி தள்ளும் மெஷினைப் பக்கத்து வீட்டு அன்டனிடம் கொடுத்து, “இனி இது எனக்கு என்னத்துக்கு?” என்று சிரித்தார். விமான டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

மார்ச்சில் நடராசா குடும்பம் வந்து இறங்கிய அன்று, வருடம் முழுக்கச் சேர்த்து வைத்ததுபோல வானம் பனியைக் கொட்டியது. மெஷினை இரவல் கேட்க ஓடினால், “ஐயோ அண்ணை, அதை லொங்குய்யிலை இருக்கிற மருமகனுக்குக் குடுத்திட்டன்” என்றார் அன்டன். நகுலேஸ்வரன் குசினியில் இருந்த, கேக் சுடும் அவண் தட்டை எடுத்துவந்து அள்ளினார். தட்டுப் பிடித்துப் பழகிய கை என்றாலும் இடுப்பு விட்டுப்போயிற்று.

வந்தவர்கள் முழங்காலளவு “வெள்ளை மணலில்” பெட்டிகளை இழுத்து வந்தார்கள். கிளியின் பாதணிகள் நனைந்து ஒழுகின. ஆனால் ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

உள்ளே திரைச்சீலைகளை எல்லாம் பாலாம்பிகை இழுத்து மூடியிருந்தாள். சோபாவுக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. தேத்தண்ணி வந்தது. நடராசா குளிரில் நடுங்கியபடி கோப்பையைப் பிடித்திருந்தார்.

அந்த நடுக்கத்தைப் பார்க்க நகுலேஸ்வரனுக்கு நெஞ்சு குத்தியது. ஒரு மனிதன் தன்னை நம்பி, அலையடிக்கிற அருமந்த வீட்டை விட்டுவிட்டு, பெண்டாட்டியோடு வந்து இருக்கிறான். இந்தப் பாவத்தோடு உப்புவெளியில் போய்ச் சாய்மனைக் கதிரையில் கிடந்தாலும் நித்திரை வருமா? வராது. சொல்லிவிட வேண்டியதுதான்.

“மச்சான்,” என்று தொண்டையைச் செருமினார். “உங்களிட்டை நான் ஒண்டு சொல்லவேணும். இந்தக் கடல்...”

“வள்! வள்!” என்றது சோபா.

நடராசா கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். கிளிதான் நனைந்த காலைக் கம்பளத்தில் துடைத்தபடி பெருமூச்சு விட்டாள்.

“உந்தச் சத்தத்திலை நாய் குலைக்க முதல் போனை வைச்சிடவேணும், அண்ணை. கந்தளாய் வயலுக்கை இருந்துகொண்டு இவர் இவ்வளவு காலமும் அப்பிடித்தானே உங்களுக்குக் கடல் காட்டினவர்.”