ஏகாம்பரம் உதைக்கவில்லை

பேச ஆளில்லாத ஊரில் வலி வந்தால், நாளடைவில் அதுவே துணையாகிவிடும். எழுபதுகளில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தபோது எனக்கு அப்படித்தான் ஆயிற்று. மாலை மணி அடித்தால் பிள்ளைகள் போய்விடுவார்கள். மறுநாள் காலை வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வர வேலை இருக்காது.

பொழுது போகாமல் ஏரிக்கரையில் ஓட ஆரம்பித்தேன். (யாரோ துரத்துகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முதலில் நினைத்தார்கள். யாருமே துரத்தவில்லை என்று தெரிந்ததும் இன்னும் பயந்தார்கள்.) சில மாதங்களில் வலது குதிகாலுக்கு மேலே, கயிறு மாதிரி விறைத்து நிற்குமே, அந்த இடத்தில் வலி. காலையில் முதல் அடி வைத்தால் உயிர் போகும். நடக்க நடக்க இளகும். ஆகவே இன்னும் வேகமாக ஓடினால் முழுதாக இளகிவிடும் என்று முடிவு கட்டினேன். (கணக்கு வாத்தியார் அல்லவா.)

சுகாதார நிலைய டாக்டர் அங்கே விரலால் அழுத்தினார். நான் கூரையைப் பார்த்தேன்.

"இது நரம்பு இல்ல சார், தசைநார். ஓடி ஓடி நைஞ்சிருக்கு. கொஞ்ச நாள் ஓடறது, குதிக்கறது எல்லாம் நிறுத்துங்க. குதி ஒசந்த செருப்பு போடுங்க. வலி கொறஞ்சப்புறம் படி ஓரத்துல நின்னு குதிகால மெதுவா எறக்கி ஏத்துங்க, பலம் வரும்."

செய்திருப்பேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஊர் வாலிபால் குழுவின் தலைவன் ஏகாம்பரம் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"சார், ஒரு ஆளு கொறையுது. வல்லக்கோட்டைப் பசங்க வந்துகினு கீறாங்க. ஆட வர்றியா?"

அந்த ஊரில் ஒருவர் என்னை எதற்காவது கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கால் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வேன்?

பந்து உயரே வந்தது. எம்பினேன். 'டப்' என்று ஒரு சத்தம்; பின்னாலிருந்து யாரோ ஓங்கி உதைத்தது போல இருந்தது. திரும்பினால் ஏகாம்பரம்.

"ஏல, எதுக்குல மிதிச்ச?" (எங்கள் பக்கத்தில் உதைப்பதற்கு மிதிப்பது என்றுதான் பெயர்.)

"நா எங்க சார் மிதிச்சேன்? கோட்டாண்ட கீறேன். என் காலு இன்னா அவ்ளோ நீளமா?"

நியாயம் கேட்க அவனை நோக்கி ஓர் அடி வைத்தேன். கால் என்னோடு வரவில்லை. இரண்டு ஊர் பார்க்க அவன் முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்தேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், தசைநார் அறுந்துவிட்டது என்று தைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். அம்மா பயந்துவிடுவாள் என்று ஊருக்குத் தெரிவிக்கவில்லை. பார்வையாளர் நேரம் வந்தால் வார்டு கல்யாண வீடாகிவிடும். நான் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவது போல் நடிப்பேன். (மாவுக்கட்டோடு திரும்பிப் படுப்பதும் ஒரு வித்தைதான்.)

ஒருநாள் அப்படி நடித்துக்கொண்டிருந்தபோது ஏகாம்பரம் வந்தான். சாட்சிக்கு மாமனாரையும் அழைத்து வந்திருந்தான்.

"நாந்தான் வாத்தியார ஒதைச்சேன்னு ஊரே பேசுது சார். வூட்ல மூஞ்சி குடுத்துச் சோறு போட மாட்டேங்கிறா. டாக்டர் வாயால கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

அப்போது வார்டைச் சுற்றி வந்த டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "யாரும் ஒதைக்கலப்பா. இது அறுந்தா, பின்னாடி ஒதைச்ச மாதிரிதான் இருக்கும்."

மாமனார் தலையாட்டினார். வழக்கு முடிந்தது. ஆனாலும் நேரம் முடியும் வரை இருவரும் கட்டிலருகே உட்கார்ந்து, தோற்ற ஆட்டத்தைப் பற்றியே பேசினார்கள்.

அடுத்த ஞாயிறும் ஏகாம்பரம் வந்தான்.

"இன்னும் என்ன சந்தேகம்?" என்றேன்.

"ஒன்னியுமில்ல சார். சும்மாத்தான்."

அன்று நான் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

கால் தேறியது; நடையில் லேசான இழுப்பு மட்டும் தங்கிவிட்டது. மாற்றலாகி ஊர் வந்த பிறகு ஏகாம்பரத்தை நான் பார்க்கவே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் யார் தடுக்கி விழுந்தாலும், "ஏகாம்பரம் மிதிச்சிட்டான்" என்பார்கள். நேற்று விழுந்த பேத்தியும் அதையே சொல்லி அழுதாள். அவன் மிதிக்கவில்லை என்று நான் யாரையும் திருத்தியதில்லை. அந்தச் சாக்கிலாவது அவன் பெயர் வீட்டுக்குள் வந்து போகிறதே.