கேட் மீட்டிங் அண்ணன் கேட்ட போனஸ்

நாலாங்கிளாஸ் பிள்ளைகளைத் திரட்டித் தொழிற்சங்கம் நடத்திய ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் மேனாம்பேட்டுத் தெருக்காரர்தான். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். பெயர் என்னவோ, தெருவுக்கே அவர் ‘கேட் மீட்டிங்’. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவர் வேலை பார்த்த கம்பெனியைப் பூட்டி ஏழு மாதம். கம்பெனி வாசலில் நின்று முழங்கிய வாய் சும்மா இருக்குமா? தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நாலு பேர் நின்றால் போதும், "தோழர்களே!" என்று ஆரம்பித்துவிடுவார்.

எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நான் நைட் ஷிப்ட்காரன், பகலில்தான் தூக்கம். காலி மனையெல்லாம் வீடாகிவிட்டதால் பிள்ளைகளுக்குத் தெருவை விட்டால் கதி இல்லை. நாலு மணிக்கு என் ஜன்னலடியில் கிரிக்கெட் தொடங்கும். அதே நேரத்துக்குத்தான் தெருக்கோடி இரும்புக் குடோனுக்கு லாரியும் வரும். பிள்ளைகள் சிதறி ஓடும், கத்தும், திரும்பி வரும். இவர் வேறு நடுவில் நின்று லாரிக்காரனோடு சண்டை போடுவார். தூங்கின மாதிரிதான்!

ஒருநாள் லாரி, ஸ்டம்புக்கு வைத்த செங்கல்லை நொறுக்கிவிட்டுப் போனது. பக்கத்தில் நின்ற என் ஆறு வயது மகள் ஸ்டெல்லா ஒரு சாண் இடைவெளியில் தப்பினாள். அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். இனி தெருப்பக்கம் போகக்கூடாது என்றேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை.

கேட் மீட்டிங் நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். "இன்னாப்பா, தப்பு செஞ்சது லாரி. கொயந்தைய ஏம்பா உள்ள போட்டுகினு கீற?"

மறுநாள் குடோன் முதலாளிக்குக் கோரிக்கைப் பட்டியல் போயிற்று. ஒன்று, நாலு முதல் ஆறு வரை லாரி வரக்கூடாது. இரண்டு, புதுச் செங்கல். மூன்று, இருபது சதவீதம் தீபாவளி போனஸ். கீழே பிள்ளைகளின் கையெழுத்து. எழுதத் தெரியாத எல்கேஜிக்காரர்கள் கைநாட்டு.

"அண்ணே, புள்ளைங்களுக்கு எதுக்குண்ணே போனஸு?" என்றேன்.

பட்டியலின் நகலை இரண்டு முறை படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அட, ஆமாம்பா! இருவது வருஷப் பயக்கம், கை தானா எய்திடுச்சி. இனிமே வாபஸ் வாங்குனா யூனியன் மானம் இன்னாத்துக்கு ஆவுறது?"

சாயங்காலமே முதலாளி காகிதத்தோடு பாய்ந்து வந்தார். "இன்னா நைனா, நக்கலா? இதுங்களுக்கு நான் போனஸ் தரணுமா?"

"போனஸ்! போனஸ்!" என்று தெரு அதிர்ந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய் ஸ்டெல்லாவும் கத்தினாள். அது ஒருவகை பிஸ்கட் என்று நினைத்திருக்கிறாள். இவர் இருபதிலிருந்து பதினைந்துக்கு வந்தார், பத்துக்கு வந்தார், அதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்று நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது.

"நாலுலேர்ந்து ஆறு வரிக்கும் வண்டி வராது, செங்கல்லும் நானே தரேன். போனஸ் பேச்ச மட்டும் உட்டுடு சாமி!"

சொத்தையே பறிகொடுத்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார் நம்மவர். பிஸ்கட் வராத துக்கத்தில் ஸ்டெல்லா தேம்பினாலும் மறுநாள் நாலு மணிக்கு முதல் ஆளாகத் தெருவில் நின்றாள். நானும் கதவைச் சாத்தவில்லை.

இரண்டு மாதத்தில் கம்பெனி திறந்தது. அவருக்கு மதிய ஷிப்ட். அவர் இல்லாத முதல் சாயங்காலம், நாலேகாலுக்கு லாரி தெருவுக்குள் மூக்கை நீட்டியது. தெரு திடீரென்று அமைதியானதில் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. கட்டிய லுங்கியோடு ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நின்றேன்.

"யார்யா நீ?" என்றான் டிரைவர்.

"யூனியன். ஆறு மணிக்கு வா!"

முனகிக்கொண்டே பின்னுக்கு எடுத்தான். ஆறு அடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொன்னேன். "தூக்கம் பூட்ச்சாப்பா ஒனக்கு?" என்று கவலையாகக் கேட்டார். நன்றி சொல்ல வாயெடுத்தேன், வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன் அண்ணே: என் மகள் அந்தத் தெருவில் பயமில்லாமல் ஓடினாள்.