விதி பதினான்கும் நான்கு பல்லும்

மனிதனுக்கு முப்பத்திரண்டு பல் என்பது ஏட்டுக் கணக்கு. போன ஆண்டுக் கடைசியில் என் வாயில் நான்கு இருந்தன. மேலே இரண்டு, கீழே இரண்டு. அவையும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை இல்லை. கரைத்துக் குடித்தால் தீர்ந்தது. பிரச்சினை வேறு. என் மனைவிக்குக் காது மந்தம். இருபது வருஷமாக என் வாயைப் பார்த்துத்தான் நான் பேசுவதைப் புரிந்துகொள்கிறாள். காது மெஷின் வைத்துக்கொள்ளச் சொல்லி மகன் எத்தனையோ தடவை கெஞ்சிவிட்டான்.

"உங்கப்பா வாய் ஊருக்கே கேக்குது. எனக்கு எதுக்குடா மெஷின்?" என்பாள்.

பல் போனதும் உதடு உள்ளே போய்விட்டது. நான் எதைச் சொன்னாலும் அவள் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிறதாம். "முதல்ல முழுங்குங்க, அப்புறம் பேசுங்க" என்பாள். வாயில் ஒன்றும் இருக்காது.

ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் சண்டை இல்லை. நாற்பத்தொரு வருஷப் பழக்கம் அது. காலையில் செய்தித்தாளை யார் கசக்கியது என்று ஆரம்பித்து, படுக்கப்போகும்போது மின்விசிறி இரண்டில் சுற்றுவதா மூன்றில் சுற்றுவதா என்று முடியும். இப்போது அவள் திட்டுகிறாள், நான் சரியான பதில் சொல்கிறேன், அவள் "சரி சரி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். என்ன சரி? சண்டையில் தோற்கலாம். சொன்னது எதிராளிக்குப் போய்ச் சேரவே இல்லை என்றால் எதற்கு வாய்?

மகன் வெளியூரிலிருந்து ஒரு போன் அனுப்பினான். நாம் பேசினால் திரையில் எழுத்தாக வருமாம். அம்மா படித்துக்கொள்வாளாம். மூன்று நாள் அதனோடு மல்லுக்கட்டினேன். "மன்னிக்கவும், அமைதியான இடத்தில் பேசவும்" என்றது. எங்கள் வீட்டைவிட அமைதியான இடம் இந்த ஊரில் கிடையாது. உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

பல்செட்தான் ஒரே வழி. நான் மண்டல வழங்கல் அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவன். ஓய்வு பெற்றவர்களுக்கும் அவர்கள் துணைக்கும் மூக்குக்கண்ணாடி, கைத்தடி, காது மெஷின், பல்செட் எல்லாம் அலுவலகமே கொடுக்கும். போனேன்.

அலுவலகம் மாறியிருந்தது. வாசலில் பெரிய பதாகை: "இது புன்னகை ஆண்டு". உள்ளே எல்லோர் கையிலும் ஒரே மாதிரி கறுப்புக் கைக்கடிகாரம். உடல்நலம் காப்பதற்காக அலுவலகமே கொடுத்ததாம். மணிக்கு ஒரு தரம் அது கையைக் கிள்ளுகிறது. எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பக்கத்தில் நின்றவரிடம் என்னவென்று கேட்டேன்.

"மூச்சு விடுற நேரங்க" என்றார்.

அதுவரை என்ன விட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

பல்செட் முன்பெல்லாம் மருத்துவப் பிரிவில் கிடைக்கும். போன ஆண்டு சீரமைப்பு நடந்ததாம். கையால் தொட முடிந்தது எதுவாக இருந்தாலும் அது பண்டகம், பண்டகம் எதுவாக இருந்தாலும் ஸ்டோர் என்று முடிவாகியிருந்தது. ஆகவே பழைய ஸ்டோர் ஜன்னல்தான். நான் உட்கார்ந்த அதே ஜன்னல். முன்னால் இருந்தவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உள்ளே கொடுத்தார். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எங்கே போடுவது என்று தெரியாமல் மேசையில் போட்டார். அவருக்கும் முன்னால் போனவர் கைத்தடி கேட்டு வந்தவர். பழைய தடியைக் கொடுத்துவிட்டு எட்டு நாளாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாராம். இன்னும் உத்தரவு வரவில்லை.

இதற்குள்ளாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜன்னலில் இப்போது இருப்பது ஒரு சின்ன வயசு அம்மாள். பளீரென்று பல். என் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், நீங்களா! உங்களைப் பத்தித்தான் பயிற்சியில முதல் பாடமே."

"சரிம்மா. பல்செட்."

"தாராளமா. பழசு எங்க சார்?"

"எந்தப் பழசு?"

"விழுந்த பல்லு. ஒப்படைச்சாத்தான் புதுசு தர முடியும்."

"விழுந்ததைக் கையில வச்சுக்கிட்டா சுத்துவாங்க?"

"விளக்குமாறு தேஞ்சா கட்டையை வாங்கிக்கிறோம். பல்புக்குப் பித்தளை மூடி, பேனாவுக்குக் காலி ரீஃபில். பல்லுக்கு மட்டும் விதிவிலக்கு எப்படி சார்? விதி பதினாலு."

சுவரைக் காட்டினாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. "எந்தவொரு பொருளுக்கும் மாற்றுப் பொருள் கோருவோர், மேற்படி பழைய பொருளை முழுமையாகவோ எஞ்சிய பகுதியாகவோ ஒப்படைத்த பின்னரே அன்னாரது கோரிக்கை பரிசீலிக்கப்படும், எக்காரணம் கொண்டும் விலக்கு இல்லை." கீழே கையெழுத்து.

என் கையெழுத்து.

இருபத்தாறு வருஷத்துக்கு முன் எழுதியது. சோப்பு கேட்டு வந்த ஓட்டுநரிடம் பழைய சோப்பைக் கேட்டவன் நான். கரைந்துவிட்டது என்றான். அப்படியென்றால் கரைந்த தண்ணீரைக் கொண்டு வா என்றேன். அன்று ஸ்டோரே சிரித்தது. அவன் சிரித்ததாக நினைவில்லை.

"எத்தனை பல்லு விழுந்திருக்கு சார்?"

"இருபத்தெட்டு. நாலு பாக்கி."

"அந்த நாலும் வேணுமே. செட்டு முழுசாத்தான் வரும், முப்பத்திரண்டு. பிரிச்சுத் தர முடியாது."

"நாலும் நல்லா இருக்கும்மா."

"நல்லா இருந்தா எதுக்கு சார் புதுசு?"

அங்கே நான் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து அவள் கையைக் கடிகாரம் கிள்ளியது. எழுந்து கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு விட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கிளம்பினேன்.

வெளியே போகும் வழியில் ஒரு பெட்டி. "எங்கள் சேவை எப்படி?" மூன்று பொத்தான். சிரித்த முகம், சும்மா முகம், கோப முகம். கோப முகம் அமுங்கி அமுங்கி உள்ளே போய் வெறும் ஓட்டைதான் இருந்தது. புதுசு போட வேண்டுமாம். பழசைத் தோண்டி எடுத்து ஒப்படைக்க முடியவில்லையாம். ஆகவே இரண்டு வருஷமாகக் குறை சொன்னவர் யாருமில்லை.

என் பல்லையெல்லாம் எடுத்த பல் டாக்டரிடம் போனேன். பல் பிடுங்கும் நாற்காலிக்கு மேல் தொலைக்காட்சி வைத்திருப்பவர். விஷயம் முழுவதையும் கேட்டார்.

"உங்க பல்லையெல்லாம் அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சு சார். ஆனா..." என்று உள்ளே போய் ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்தார். படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்ட வைத்திருந்ததாம். "இருபத்தெட்டுதானே? பொறுக்கிக்குங்க."

பொறுக்கினேன். யார் யார் பல்லோ. ஒன்றில் வெள்ளி அடைத்திருந்தது. அதை மட்டும் திருப்பிப் போட்டேன், நமக்கு எதற்கு வம்பு என்று. பிறகு நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தேன்.

"நாலும் கல்லு மாதிரி இருக்கு. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"எடுங்க."

எடுத்தார். தொலைக்காட்சியில் யாரோ ஒருவன் பற்பசையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் முப்பத்திரண்டையும் காகிதப் பொட்டலத்தில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கழிவுப் பொருள் ஆய்வுக்குழு உட்கார்ந்தது. நான் இருந்தபோது அமைத்த குழுதான். ஒரு பொறியாளர், ஒரு தலைமை எழுத்தர், வாகனப் பிரிவிலிருந்து ஒருவர். ஒவ்வொரு பல்லாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். வாகனப் பிரிவுக்காரர் ஒன்றை மேசையில் தட்டிச் சத்தம் கேட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"இருபத்தெட்டு ஒழுங்கா இருக்கு. உங்க பல்லுதான்னு பார்த்தாலே தெரியுது" என்றார் பொறியாளர். "இந்த நாலுதான் இடிக்குது."

"என்ன?"

"நல்ல நிலையில இருக்கு. இன்னும் பத்து வருஷம் உழைக்கும். உழைக்கிற பொருளை எதுக்குக் கழட்டினீங்க?"

"நீங்கதானே கழட்டச் சொன்னீங்க."

"ஒப்படைக்கச் சொன்னோம். கழட்டச் சொன்னதா எங்க எழுதியிருக்கு?"

என் வாயிலிருந்து வந்தவை அந்த நான்குதான். அவற்றை மட்டும் ஒரு சின்னக் கவரில் போட்டு, "மீண்டும் பயன்படுத்துக" என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். ஏழு நாளுக்குள் விளக்கம் வேண்டும் என்று ஒரு குறிப்பாணையும் கூட வந்தது.

நடையில் வாகனப் பிரிவுக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்.

"பெரியவரே, உங்களுக்குத் தெரியாததா? ஓடுற டயரை மாத்த நாங்க என்ன பண்ணுவோம்? லேசா ஒரு கிழி."

தெரியும். எல்லாப் பிரிவிலும் நல்ல பொருளை உடைத்துத்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள். உடைந்திருந்தால் நான் கேள்வி கேட்பதில்லை. இந்த அலுவலகத்தில் எதுவும் தேய்ந்து முடிந்ததே கிடையாது, எல்லாம் உடைந்து முடிந்தவைதான்.

வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து என் நான்கு பல்லையும் சுத்தியலால் நசுக்கினேன். மூன்றாவது பல் துள்ளிக் குழாயடியில் விழுந்தது. தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

சொன்னேன். விதி, செட்டு, குழு, டயர் எல்லாம் விவரமாகச் சொன்னேன். என் வாயையே கூர்ந்து பார்த்தாள்.

"சரி சரி" என்றாள். உள்ளே போய் மகனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் அவன் சொல்வது அவளுக்குக் கேட்காது. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "உங்கப்பா தன் பல்லைத் தானே இடிச்சுக்கிட்டு இருக்காருடா. கெளம்பி வா."

நொறுங்கிய நான்கையும் கொண்டுபோய்க் கொடுத்தேன், செட் வந்துவிட்டது. மூன்றே வாரம். முப்பத்திரண்டும் இருந்தன, ஒன்றைக்கூட அலுவலகம் குறைக்கவில்லை. என் வாயில்தான் இடம் குறைவு. எல்லோருக்கும் ஒரே அளவாம். மாட்டிக்கொண்டால் உதடு மூடாது. இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை இளிப்பு. அறுபத்தெட்டு வருஷமாகத் தேவையில்லாமல் சிரிக்காதவன் நான். அங்கேயே நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். புன்னகை ஆண்டுக்குப் பொருத்தமான முகமாம்.

வீட்டுக்கு வந்து நேராக மனைவி முன்னால் போய் நின்றேன். காலையில் செய்தித்தாளைக் கசக்கியது யார் என்று அதட்டினேன்.

அவள் முகம் மலர்ந்தது. "என்ன இவ்வளவு சந்தோஷம்?" என்றாள்.

மின்விசிறி விஷயத்தை எடுத்தேன். இன்னும் கடுமையாக.

"போதுங்க, இந்த வயசுல என்ன இளிப்பு" என்று வெட்கப்பட்டாள்.

நான்கு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் அவளுக்கே பொறுக்கவில்லை. "சொல்றது ஒண்ணும் புரியல, சிரிக்கிறது மட்டும் தெரியுது. பயமா இருக்கு. அந்தக் காது மெஷினை வாங்கித் தொலைங்க" என்றாள்.

கூட்டிக்கொண்டு போனேன். அதே ஜன்னல். அதே அம்மாள். சட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெரிய படம். நான்தான். இளித்துக்கொண்டு இருந்தேன்.

"காது மெஷினா? தாராளமா. பழைய காதைக் கொண்டு வந்திருக்கீங்களாம்மா?"

அந்த அம்மாளுக்கு நல்ல பல். சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. ஐந்து மாதத்தில் அவள் முழுசாகப் புரிந்துகொண்ட முதல் பேச்சு அதுதான். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்:

"காதை அறுத்துக் குடுக்கணுமா? எந்த மடையன் எழுதின சட்டம் இது?"

நான் பதில் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. ஸ்டோர்கீப்பர் அம்மாள் பெருமையோடு சுவரைக் காட்டினாள். முதலில் விதியை. பிறகு படத்தை.

மனைவி போய்க் கையெழுத்தைக் கிட்டப் பார்த்தாள். நாற்பத்தொரு வருஷமாக அவள் பார்த்த கையெழுத்து. திரும்பி வந்தாள். நிதானமாக என் காதைப் பிடித்தாள். பிடித்து ஜன்னலுக்குள் இழுத்தாள்.

"இந்தாம்மா பழைய காது. வச்சுக்க."

அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். விண்ணப்பத்தைப் பார்த்தாள்.

"இது சார் பேர்ல உள்ள காது. விண்ணப்பம் உங்க பேர்ல இருக்கேம்மா."

அப்போது எல்லோர் கையையும் கடிகாரம் கிள்ளியது. அலுவலகம் எழுந்து நின்று கண்ணை மூடி மூச்சு விட்டது. காதோடு நானும் ஜன்னலில் நின்றேன். வரிசையில் பின்னால் இருந்தவர், கையில் விண்ணப்பத்தோடு தலையை நீட்டினார். அவரும் காது மெஷினுக்கு வந்தவர்தான். யாராவது ஒருவர் இங்கே சத்தம் போடமாட்டார்களா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஏங்க," என்று விசாரித்தார், "ரெண்டு காதும் குடுக்கணுமா, ஒண்ணு போதுமா?"

வீடு வரைக்கும் மனைவி காதை விடவில்லை. அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் சண்டை நடந்தது. இருட்டும்வரை நடந்தது. நான் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் பதில் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை.