கிரேன் அண்ணனின் ஆறு தூண்கள்

அதிகாரிகளைத் தூங்கவைத்தே ஒரு பங்களாவைக் காப்பாற்றிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். ராயபுரத்தில் எங்கள் ஆபீசுக்கு எதிரே இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவுக்கே அவர் கிரேன் அண்ணன்.

பங்களா அவருடையதல்ல. வெள்ளைக்காரன் காலத்து வீடு. முகப்பில் ஆறு உருண்டைத் தூண்கள், மேலே முக்கோண நெற்றி, வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சு. வாரிசுகள் வெளிநாட்டில், சாவியும் பின்கட்டு அறையும் அண்ணனிடம். கன்டெய்னர் லாரிகள் உறுமும் தெருவில் அந்த வராந்தா மட்டும் கடலுக்கடியில் கிடப்பதுபோல் இருக்கும். மதியச் சாப்பாட்டை நான் அங்கேதான் பிரிப்பேன்.

தினமும் அண்ணன் ஒவ்வொரு தூணையும் கட்டிப்பிடித்துப் பார்ப்பார்.

"எதுக்குண்ணே?"

"எளைச்சிக்கீதான்னு பாக்குறேன் நைனா. இந்த லாரிங்க போடுற ஆட்டத்துல இதுங்களுக்குச் சோறு எறங்குமா?"

தெருவை அகலப்படுத்தும் திட்டம் வந்தது. தூண்கள் போயாக வேண்டும். குறி போட வந்த சர்வேயரை அண்ணன் வராந்தாவில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். "இன்னா சார் அவசரம்? கண்ண மூடிக்கினு காத்த கேளு."

ஐந்தாம் நிமிடம் குறட்டை. நாலு மணிக்கு எழுந்த சர்வேயர், "இது எந்த ஊரு?" என்றார். அடுத்து வந்தவர் ஷூவைக் கழற்றிவைத்துவிட்டே தூங்கினார். மூன்றாமவர் தலையணையோடு வந்தார் என்பது தெருப்பேச்சு. நான் பார்த்தது துண்டு மட்டும்தான்.

நான்காவதாக ஒரு இன்ஜினியரம்மா. மோரைக் குடித்தார், தூங்கவில்லை. அண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"தூக்கம் வர்லியாம்மா?"

"இல்லண்ணே. நான் வந்து எவ்வளவு நேரமாச்சு?"

"ரெண்டு மணி நேரம்மா."

"ஒரு லாரி சத்தம்கூட எனக்குக் கேக்கலையே..." அவர் மெதுவாக வரைபடத்தைச் சுருட்டினார்.

சில மாதங்களில் அந்த அம்மா தெருவுக்குப் போட்ட புதுக் கோடு வந்தது. தூண்கள் தப்பின. பங்களாவின் காம்பவுண்டுச் சுவர் போயிற்று. கூடவே எதிரே எங்கள் ஆபீஸ் படிக்கட்டும். முதலாளி ஒரு வாரம் ஏணியில் ஏறி வந்தார்.

சுவர் விழுந்த அன்று அண்ணன் தூண்களை இரண்டு தடவை கட்டிப்பிடித்துப் பார்த்தார். மறுநாள் பஸ்ஸுக்கு நின்றவர்கள் வராந்தாவில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மீன்கூடையோடு ஒரு அம்மா தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தார். விரட்டப்போகிறார் என்று நினைத்தேன். அண்ணன் உதட்டில் விரல் வைத்தார்.

"இத்தினி நாளா நாம மட்டும் அனுபவிச்சிட்டோம்பா. பாவம், வுடு."

போன மாதம் அவருக்குக் கடும் காய்ச்சல். லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். "நீங்க இவருக்குச் சொந்தமா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமா, கூடப்பொறந்த அண்ணன்" என்றேன்.