ஒத்தக்கோட்டாரின் பித்தளை வளையம்

டாக்டர் இரண்டு மாத்திரை எழுதிக்கொடுத்தால், எது வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டுக் காய்ச்சலோடு காத்திருந்த மனிதர் தில்லி மாநகரத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஒத்தக்கோட்டார்.

ஆர்.கே.புரத்தில் சர்க்கார் குவார்ட்டர்ஸ், சர்க்கார் உத்தியோகம், திருநெல்வேலிப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்கூட்டரில் நீளப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் எல்லையில் இருந்த துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு வந்துவிடுவார். தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே இலக்கு அட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் கரோல் பாகில் மூட்டை தூக்கினேன். அதற்கும் முன்னால் எட்டாம் வகுப்பில் ஃபெயிலானேன். மைதானத்து ஸ்டோர் ரூமில்தான் படுக்கை. பழைய அட்டைகளை விரித்துப் படுத்தால் ஜனவரிக் குளிர் பாதிதான் தெரியும். மீதிப் பாதி குண்டு போட்ட ஓட்டை வழியாக வரும்.

அவர் துப்பாக்கிக் குழாயின் நுனியில் ஒரு பித்தளை வளையம் உண்டு. ட்யூனர் என்பார். சுடும்போது குழாய் அதிரும். வளையத்தை முன்னும் பின்னும் திருகினால் அந்த அதிர்வு மாறும். சரியான இடத்தில் நிறுத்திவிட்டால் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் விழும். லேத் பட்டறையில் சொல்லிச் செய்தது. சுற்றிலும் கோடு கிழித்த பட்டறைக்காரர் எண் போடவில்லை. ஒத்தக்கோட்டார் ஐந்து குண்டு சுடுவார், அட்டையைப் பார்ப்பார், ஒரு கோடு திருப்புவார், மறுபடி ஐந்து. இரண்டு கோடு சேர்ந்தாற்போல் திருப்பி யாரும் பார்த்ததில்லை. ஹரியானாப் பையன்கள் "ஏக் லக்கீர் அங்கிள்" என்று கூப்பிட்டார்கள். நான் அதைத் தமிழ்ப்படுத்தி ஒத்தக்கோட்டார் ஆக்கினேன்.

வீட்டிலும் அதே கதைதான். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். ஞாயிறு மத்தியானம் எனக்கும் அங்கேதான் சாப்பாடு. ஒருநாள் சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை.

"புளியும் புதுசு, பருப்பும் புதுசுங்க" என்றார் அக்கா.

"ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எதைக் குத்தம் சொல்ல? நாளைக்குப் பருப்பு இதே இருக்கட்டும், பழைய புளியப் போடு."

"நாளைக்கு ரசம்."

அந்த வாரம் முழுக்க ரசம்தான்.

அடுத்த மார்ச்சில் அவருக்கு ரிட்டையர்மெண்ட். ஊருக்குப் போனால் சுட இடம் கிடையாது. மாநில அணியில் ஒருமுறையாவது இடம் பிடிக்க வேண்டும் என்றால் அந்த வருஷத் தேர்வுதான் கடைசி வாய்ப்பு. கோடை முழுக்கத் திருப்பித் திருப்பி, ஒருநாள் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையாக விழுந்தன. காற்றில்லாத இன்னொரு நாள் வந்து சுட்டுப் பார்த்தார். அதே ஓட்டை. அந்தக் கோட்டில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தார்.

"இனிமே பிரம்மாவே வந்தாலும் இதத் தொடக் கூடாதுலே!"

பிரம்மா வரவில்லை. ஆயுத பூஜை வந்தது.

துப்பாக்கியை அக்கா சக்களத்தி என்றுதான் சொல்வார். அந்த வருஷம் பூஜைக்கு மறுநாள் தேர்வு என்றதும் மனசு இளகி, முதல்முறையாக அதைக் கையில் எடுத்திருக்கிறார். பித்தளை கறுத்துக் கிடந்தால் நம் வீட்டில் என்ன செய்வார்கள்? வீட்டுக்காரர் ஆபீசில் இருந்த நேரத்தில் வளையத்தைக் கழற்றி, குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்து, திரும்ப மாட்டிப் பொட்டும் வைத்து, பெட்டியை மூடிப் பூஜையில் வைத்துவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாதே! அவர் மைதானத்துக்கு வந்துதான் திறந்தார்.

வளையம் தங்கம் மாதிரி மின்னியது. புள்ளியைக் காணோம்.

"தோராயமா வைங்க சார்" என்றேன்.

"தோராயமா வைக்கதுக்கா கோடை பூரா வெயில்ல கெடந்தேன்?"

தேர்வு நேரத்துக்குள் கணக்கில் சேராத குண்டுகளை எவ்வளவு வேண்டுமானாலும் சுட்டுச் சரிபார்க்கலாம். மற்றவர்கள் நாலைந்து சுட்டுவிட்டு நிஜ அட்டைக்குப் போய்விட்டார்கள். இவர் ஐந்து சுட்டார், ஒரு கோடு திருப்பினார். மறுபடி ஐந்து.

"சார், நேரம் போகுது! ரெண்டு ரெண்டாத் திருப்புங்க!"

"தாண்டுன கோட்டுல அது இருந்துதுன்னா?"

"அங்கிள்ஜி, ஜல்தி!" என்றார் மேற்பார்வை பார்த்த சர்தார்ஜி.

கடைசியில் கிடைத்தது. ஐந்தும் ஒரே ஓட்டை. திரும்பி என்னைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். அதன்பிறகு சுட்டதெல்லாம் நட்டநடுவில். ஆனால் விசில் அடித்தபோது கடைசி அட்டைகள் ஓட்டையே விழாமல் சுத்தமாக இருந்தன.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். அக்கா கேசரிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றார்.

"என்னங்க ஆச்சு?"

"கிடைக்கலை."

அக்காவின் முகம் வாடியது. "அந்த வளையத்த நாந்தான் தேய்ச்சு வச்சேன். என் கை பட்டதாலயோ?"

சோதித்துப் பார்க்காமல் காய்ச்சலுக்குக்கூடக் காரணம் சொல்லாத மனிதர். இதற்கோ பதில் அவர் கையிலேயே இருக்கிறது. அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்ட்டி? காத்து. பேய்க்காத்து."

மைதானத்தில் காற்றுப் பார்க்க நட்டிருந்த கொடிகளில் ஒன்றுகூட அன்றைக்கு அசையவில்லை. அக்கா நம்பாமல் என் பக்கம் திரும்பினார்.

"ஆமாக்கா" என்றேன். "நான் மாட்டுன அட்டையே பறந்துபோச்சு."